ஸ்கைரிமில் எதைச் சுமப்பது, எதை விட்டுவருவது: ஒரு ஸ்டோர்ஸ்காரரின் பதில்

கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பது இது: ஸ்கைரிம் என்ற கணினி ஆட்டத்தில் 28-ஆம் நிலைக்கு வந்துவிட்டார், ஆனால் எந்தக் குகைக்குள் இறங்கினாலும் பாதி வழியிலேயே பாரம் மீறிப் போகிறது, ஓட முடியாமல் நின்ற இடத்திலேயே பையைத் திறந்து எதைக் கீழே போடுவது என்று யோசிப்பதில் ஆட்ட நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது, ஆகவே சுமக்கும் அளவைக் கூட்ட என்னென்ன வழிகள் உள்ளன, இப்படி ஒரு தொல்லையை ஆட்டத்தில் ஏன்தான் வைத்தார்கள்? கேள்வியின் கடைசியில், வீட்டுப் பெட்டியில் 43 டிராகன் எலும்புகள் கிடப்பதாகவும் அவற்றை விற்பதா வைத்திருப்பதா என்று புரியவில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அளவைக் கூட்டுவது பற்றித்தான் கேட்டிருக்கிறார் என்றாலும், அவருடைய உண்மையான சிக்கல் அந்தக் கடைசி வரியில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கையில் எடுத்ததைக் கைவிட மனம் வராததுதான் அந்தச் சிக்கல்.

கோவையில் பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பின் கார்டு (ஒவ்வொரு பொருளின் வரவையும் செலவையும் குறிக்கும் அட்டை) எழுதும் பையனாகச் சேர்ந்து, இன்று அந்தப் பிரிவின் பொறுப்பில் இருக்கிறேன். டயாப்லோ 2 காலத்திலிருந்து இவ்வகை ஆட்டங்களை விடாமல் ஆடியும் வருகிறேன். ஆட்டம் வடிவமைக்கும் தொழில் எனக்குத் தெரியாது. பொருளை வைப்பதும் எடுப்பதும் கழிப்பதும் தெரியும். மாட் (ஆட்டத்தை மாற்றப் பிறர் செய்து தரும் சேர்க்கை) எதுவும் போடாமல், கணினியில், சாதாரண முறையில் ஆடுவதை வைத்தே கீழே உள்ள எண்களைச் சொல்கிறேன். பசி, குளிர், களைப்பையும் கணக்கில் எடுக்கும் சர்வைவல் முறையில் ஆடுபவருக்கு இவற்றில் பல பொருந்தா. அங்கே சுமக்கும் அளவு குறைவு, அம்புக்கும் பூட்டுத் திறக்கும் கம்பிக்கும்கூட எடை உண்டு, வரைபடத்தில் தொட்டு நேரே ஓர் இடத்துக்குப் போகும் ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது.

முதலில், நேரடியாகக் கேட்டதற்கு நேரடியான பதில். தொடக்கத்தில் எல்லோருக்கும் 300 அலகு. நிலை உயரும்போது ஸ்டாமினாவை (உடல் தெம்பை) தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் 5 அலகு கூடும். சாலிட்யூட் நகருக்கு வடமேற்கே உள்ள ஸ்டீட் ஸ்டோன் என்ற மந்திரக் கல்லைத் தொட்டால் 100 அலகு கூடுவதோடு, அணிந்திருக்கும் கவசத்தின் எடையும் கணக்கில் வராது. பிக்பாக்கெட் திறன் 50-ஐ எட்டியதும் எக்ஸ்ட்ரா பாக்கெட்ஸ் என்ற பெர்க்கில் (திறன் வளரும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புச் சலுகையில்) இன்னொரு 100 கிடைக்கும். இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள்: 20 நிலைகளில் உயிரையும் மந்திர ஆற்றலையும் விட்டுக்கொடுத்து ஸ்டாமினாவுக்கே போட்டால் கிடைக்கும் 100 அலகை, அந்தக் கல் ஒரு நடைப் பயணத்தில் தந்துவிடுகிறது. சுமைக்காக மட்டும் ஸ்டாமினாவைக் கூட்டுவது நட்டக் கணக்கு. பாரம் மீறிவிட்டால் குதிரை ஏறுங்கள். குதிரைக்கு உங்கள் மூட்டை ஒரு பொருட்டே இல்லை, அதன் மேல் அமர்ந்தபடி ஃபாஸ்ட் டிராவலும் செய்யலாம். லிடியாவைப் போல உடன் வருபவரிடமும் ஒரு பங்கைக் கொடுத்து வைக்கலாம். இவை எல்லாம் உறுதியான செய்திகள்; எனக்கு இவற்றில் ஐயம் இல்லை.

ஆனால் இவை அத்தனையையும் செய்து 300-ஐ 500 ஆக்கினாலும் இரண்டு வாரத்தில் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள் என்பது என் அனுபவம். எங்கள் தொழிற்சாலையில் இடம் போதவில்லை என்று புது ரேக் வாங்கும்போதெல்லாம் அது நிரம்ப ஆறு மாதம்கூட ஆனதில்லை. இடம் இருக்கிறது என்பதே பொருளை உள்ளே விடுவதற்குக் காரணமாகிவிடும். ஒரு முறை ஆண்டு இறுதி இருப்பெடுப்பில், தயாரிப்பு நின்று பல ஆண்டுகளான ஒரு பம்புக்குரிய இம்பெல்லர் (பம்பின் உள்ளே சுழலும் சக்கரம்) வார்ப்புகள் இரண்டு ரேக் நிறையக் கிடந்ததைக் கண்டோம். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: என்றைக்காவது தேவைப்படும். அந்த வார்ப்புகளின் முன்னால் நின்றபோது, முந்தின நாள் இரவு ஆட்டத்தில் நான் சுமந்துகொண்டிருந்த 11 இரும்புக் கவசங்கள் நினைவுக்கு வந்தன என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம்.

அந்த இரும்புக் கவசத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 125, எடை 30. ஓர் அலகு எடைக்குச் சுமார் 4 மதிப்பு. இரும்பு வாள் 25 மதிப்பு, 9 எடை. அலகுக்கு மூன்றுகூட இல்லை. கருங்காலி மரத்தின் பெயரைக் கொண்ட எபனி வாள் 720 மதிப்பு, 15 எடை, அலகுக்கு 48. தங்க மோதிரம் 75 மதிப்பு, கால் அலகு எடை, அலகுக்கு 300. குற்றமற்ற வைரம் என்ற பெயரில் வருவது 1000 மதிப்பு, எடையோ ஓர் அலகில் பத்தில் ஒரு பங்கு. அதற்குக் கணக்கே போட வேண்டாம். பொருள் பட்டியலில் மதிப்பும் எடையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன. மதிப்பை எடையால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பையைத் திறந்து யோசிக்கும் வேலை எடுக்கும் இடத்திலேயே முடிந்துவிடும். நான் தொடக்க நிலைகளில் 10 என்று ஒரு கோடு வைத்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே உள்ளதைத் தொடுவதில்லை. 28-ஆம் நிலையில் அந்தக் கோடு 30 ஆக இருக்கலாம். இந்த எண்கள் என் பழக்கம்தான், விதி அல்ல. உங்கள் பை நிரம்பும் வேகத்தைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலில் இருப்பை மதிப்பை வைத்து ஏ, பி, சி என்று பிரிக்கும் முறை ஒன்று உண்டு. எண்ணிக்கையில் சிறிதாக இருக்கும் ஏ வகைப் பொருள்களில்தான் பணத்தின் பெரும்பகுதி முடங்கியிருக்கும், எண்ணிக்கையில் பெருத்த சி வகை நட்டும் போல்ட்டும் வாஷருமாகவே இருக்கும். ஸ்கைரிமின் பையும் அப்படியே. உங்கள் பையில் எடையின் பெரும்பகுதியை எவை பிடித்திருக்கின்றன என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். அநேகமாக அவை நாலைந்து வாள்களும் கவசங்களுமாகவே இருக்கும்.

இதுவரை சொன்னதைப் பலரும் சொல்லியிருப்பார்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்தது: வாங்குபவன் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பார்க்காமல் சுமப்பது வீண். பேச்சுத் திறன் தொடக்க நிலையில் இருக்கும்போது, ஒரு பொருளின் பட்டியல் மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் கைக்கு வரும். பெர்க் எதுவும் இல்லாமல் திறனை 100-க்கு ஏற்றினாலும் பாதிதான். கடைக்காரரிடம் உள்ள தங்கமும் அளவானது. பொதுச் சரக்குக் கடையில் சுமார் 750, கொல்லரிடம் சுமார் 1000, மருந்துக் கடையில் சுமார் 500. ஆட்டக் கணக்கில் 48 மணி நேரம் கழித்துத்தான் அது மறுபடி நிரம்பும். இப்போது ஒரு குகையிலிருந்து அலகுக்கு 30 மதிப்புள்ள சரக்கை 200 அலகு எடைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் மதிப்பு 6000. கைக்கு வருவது 2000. ஒயிட்ரன் நகரில் கொல்லரையும் பொதுச் சரக்குக் கடையையும் துடைத்து எடுத்தாலும் 1750-தான் தேறும். ஆக, ஒரே நடையில் ஊரின் இரண்டு பெரிய கல்லாப்பெட்டிகளையும் காலி செய்துவிட்டீர்கள். இதற்கு மேல் 100 அலகு சுமந்துவந்தாலும் அதை வாங்க ஆள் இல்லை. அடுத்த ஊருக்கு ஓட வேண்டும், அல்லது இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சந்தை கலையும் நேரத்தில் வண்டி நிறையத் தக்காளியோடு போய் இறங்கியவரின் கதைதான்.

ஆகவே விற்பதற்கான சுமையின் அளவை உங்கள் முதுகு முடிவு செய்வதில்லை, கடைக்காரரின் கல்லா முடிவு செய்கிறது. இந்தக் கல்லாவைப் பெருக்கவும் வழிகள் உண்டு. பேச்சுத் திறன் 50-இல் கிடைக்கும் மெர்ச்சன்ட் பெர்க் இருந்தால் எந்தப் பொருளையும் எந்தக் கடையிலும் விற்கலாம். மருந்துக் கடைக்காரரிடம் வாளை விற்பது விசித்திரமாக இருந்தாலும் நடக்கும். 70-இல் வரும் இன்வெஸ்டர் பெர்க்கில் ஒரு கடையில் 500 தங்கம் முதலீடு செய்தால் அந்தக் கடையின் கையிருப்பு நிலையாக 500 கூடும். சுமையைக் கூட்டும் பெர்க்கைவிட இவற்றை நான் மேலாகக் கருதுகிறேன். இதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இன்னொரு எளிய உத்தி, விற்பதற்கு முன் வாங்குவது. உங்களுக்கு எப்படியும் வேண்டிய சோல் ஜெம் (ஆயுதத்துக்கு மந்திர ஆற்றல் ஏற்றும் கல்), உலோகக் கட்டி, அம்பு ஆகியவற்றை அந்தக் கடையிலேயே முதலில் வாங்குங்கள். நீங்கள் கொடுத்த தங்கம் அவர் கல்லாவில் சேரும், பிறகு உங்கள் சரக்கை விற்று அதையே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பண்டமாற்றுதான், நடுவில் காசு ஒரு முறை கை மாறுகிறது.

விற்பதற்கு அல்லாமல் உபயோகத்துக்கு வைத்திருக்கும் பொருள்களை வேறு அளவுகோலால் பார்க்க வேண்டும். ஸ்டோர்ஸில் ஒரு பொருளை அடிக்கடி வெளியே போவது, எப்போதாவது போவது, போகவே போகாதது என்று பின் கார்டைப் பார்த்துப் பிரிப்போம். ஆட்டத்தில் பின் கார்டு இல்லை, நினைவுதான். கடந்த பத்து மணி நேர ஆட்டத்தில் ஒரு முறையும் எடுக்காத பொருள் பையில் இருக்க வேண்டியதில்லை, வீட்டுப் பெட்டிக்குப் போகலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. எங்கள் பேச்சில் இன்சூரன்ஸ் ஸ்பேர் என்போம். ஐந்தாண்டுக்கு ஒரு முறைகூடத் தேவைப்படாது, ஆனால் தேவைப்படும் நாளில் இல்லாவிட்டால் தொழிற்சாலையே நின்றுவிடும். நோய் நீக்கும் மருந்து ஒன்று, பெரிய குணமாக்கும் மருந்து நாலைந்து, உங்கள் ஆயுதத்தின் மந்திர ஆற்றலை நிரப்ப நிரம்பிய சோல் ஜெம் இரண்டு ஆகியவை அந்த வகை. சிறிய குணமாக்கும் மருந்து உயிரில் 25 புள்ளியைத் தருகிறது, உயர்ந்த வகைகளில் ஒன்று 100-ஐத் தருகிறது; இரண்டுக்கும் எடை அரை அலகுதான். அப்படியிருக்க, கடைசிப் பெரிய சண்டைக்கு என்று சிறிய மருந்துகள் 40-ஐச் சேர்த்து வைப்பது 20 அலகை முடக்குவது. சிறியதை அன்றன்றைய சில்லறைச் சண்டைகளில் குடித்துத் தீர்த்துவிடுங்கள். புத்தகங்கள் பெரும்பாலும் ஓர் அலகு எடை. திறனைக் கூட்டும் புத்தகம் திறந்த உடனேயே தன் வேலையை முடித்துவிடுகிறது, அதன் பிறகு அது அட்டாலியில் கிடக்கும் பழைய பாடப் புத்தகம்தான்.

சுமக்கும் முன் பொருளை மாற்றிச் சுமப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நம் பக்கத்து மஞ்சள் விவசாயி பச்சைக் கிழங்கை வெட்டியபடியே ஈரோட்டு மண்டிக்கு ஏற்றுவது அரிது. வேகவைத்து உலர்த்தி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடையாக்கித்தான் மூட்டை கட்டுகிறார். ஆட்டத்தில் இதற்கு இணையானது டிரான்ஸ்மியூட் மந்திரம். ஒயிட்ரனுக்கு வடக்கே உள்ள ஹால்ட்டட் ஸ்ட்ரீம் முகாமில் இதன் நூல் கிடைக்கிறது. இரும்புத் தாதை வெள்ளித் தாதாகவும், அதைத் தங்கத் தாதாகவும் இது மாற்றும். எடை ஒன்றாகவே இருக்க, மதிப்பு 2-இலிருந்து 50-க்கு ஏறுகிறது. இரண்டு தங்கத் தாதை உருக்கினால் ஒரு கட்டி. ஒரு கட்டியில் இரண்டு மோதிரம். இரண்டு அலகு எடையாகச் சுரங்கத்திலிருந்து கிளம்பியது, அரை அலகாகக் கடைக்குப் போகிறது, அதுவும் 150 மதிப்பில்.

ஆனால் எல்லா இடத்திலும் உருக்கிய பின் சுமப்பது இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது. டிவெமர் என்ற மறைந்துபோன இனத்தாரின் இடிபாடுகளில் கிடைக்கும் உலோகத் துண்டுகளைப் பாருங்கள். வளைந்த சிறு துண்டின் எடை 2. உருக்கினால் 3 கட்டிகள், மூன்றும் சேர்ந்து 3 அலகு. உருக்கியதும் எடை கூடுகிறது! எங்கள் வார்ப்படப் பட்டறையில் உருக்கும்போது எடை குறைவதைத்தான் பார்த்திருக்கிறோம். எவ்வளவு கசடாகப் போனது என்று மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த உலையின் முகவரி கிடைத்தால் எங்கள் முதலாளி நேரில் போய்ப் பார்ப்பார். போகட்டும், இங்கே துண்டாகவே சுமந்து ஊருக்கு வந்து உருக்குவதுதான் சரி. அதே இடிபாட்டில் திண்மையான பெரிய உலோகக் கட்டை ஒன்றும் கிடைக்கும். 25 அலகு எடை, உருக்கினால் 5 கட்டிகள் மட்டுமே. 50 அலகு இடத்தில் சிறு துண்டுகளாக ஏற்றினால் 75 கட்டிகள், பெரிய கட்டைகளாக ஏற்றினால் 10. பார்வைக்குப் பெரிதாக இருப்பதால் முதலில் கை போவது அந்தக் கட்டையின் மேல்தான்.

இந்தத் தொல்லையை ஏன் வைத்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கே எது வரலாறு, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலேயே பாரக் கணக்கு இருந்தது. அங்கே எடையை அளந்த அலகே தங்கக் காசுதான். ஸ்கைரிம் சேர்ந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் 1996-இல் வந்த டேகர்ஃபாலில் தங்கத்துக்கும் எடை உண்டு. அதனால் ஆடுபவர் வங்கியில் பணத்தைப் போட்டு, நம் பழைய வணிகர்களின் உண்டியல் சீட்டைப் போல ஒரு கடன் கடிதத்தை வாங்கிச் சுமந்தார். அதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்டில் வலிமை எண்ணின் ஐந்து மடங்கு சுமக்கலாம். 2000-இல் வந்த டயாப்லோ 2 எடையை விட்டுக் கட்டங்களைப் பிடித்துக்கொண்டது. அதில் நான்கு கட்ட இடத்தை அடைக்கும் ஹொராட்ரிக் கியூப் உள்ளே பன்னிரண்டு கட்டத்துக்குப் பொருளை ஏற்கும். 2011-இல் வந்த ஸ்கைரிமில் தங்கத்துக்கும் அம்புக்கும் எடை இல்லை, மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. இவை செய்திகள். ஊகம் என்று சொன்னால், எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடிந்தால் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்காது, தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கிடைத்த பொருளின் மேல் பற்றும் வராது என்று வடிவமைப்பாளர்கள் கருதியிருக்கலாம். ஆனால் கடையில் ஒரு மரத்தட்டையும் விலை உயர்ந்த மருந்தையும் ஒரே பட்டியலில் கலந்து காட்டும் ஸ்கைரிமின் திரை இந்த நோக்கத்துக்குச் சற்றும் உதவவில்லை. உங்கள் எரிச்சலில் பாதியாவது அந்தப் பட்டியலால் வருவது என்றே நினைக்கிறேன். 2015-இல் வந்த விட்சர் 3, வெளியாகி ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொருள் வைக்கப் பெட்டி ஒன்றைச் சேர்த்ததும், கைவினைக்கான மூலப்பொருள்களின் எடையை நீக்கியதும் ஆடியவர்களின் முணுமுணுப்புக்குப் பிறகுதான்.

பெட்டி என்றதும் ஓர் எச்சரிக்கை. தெருவில் கிடக்கும் பீப்பாயிலோ குகையில் உள்ள பெட்டியிலோ எதையும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆட்டக் கணக்கில் 10 நாளில், முழுவதும் வென்று முடித்த இடமானால் 30 நாளில், அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பும். நீங்கள் வைத்தது போய்விடும். காசு கொடுத்து வாங்கிய வீட்டின் பெட்டிகள் பாதுகாப்பானவை. ஒயிட்ரனில் பிரீஸ்ஹோம் 5000 தங்கத்துக்குக் கிடைக்கிறது; கொல்லர் பட்டறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு ஈடான வீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அந்த 43 எலும்புகள். ஒன்றுக்கு 15 அலகு எடை, 500 மதிப்பு. மொத்தம் 645 அலகு, 21,500 மதிப்பு. இங்கே என் தொழிலறிவை அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொழிற்சாலையில் அசையாத சரக்குக்கு வட்டி ஓடும், இடம் போகும், துருப் பிடிக்கும். ஆட்டத்தின் பெட்டிக்கு இடமும் எல்லையில்லை, துருவும் இல்லை. ஆகவே அவை கிடப்பதில் உங்களுக்கு நட்டம் இல்லை. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் 645 அலகு இடம் செலவானது. அந்தச் செலவு முடிந்துபோனது, இன்று விற்றாலும் விற்காவிட்டாலும் திரும்பாது. கொல்லர் வேலைத் திறனை 100-க்கு ஏற்றி, டிராகன் எலும்பில் கவசம் செய்ய உதவும் டிராகன் ஆர்மர் பெர்க் எடுக்கும் எண்ணம் இருந்தால், ஒரு கவசத் தொகுதிக்கும் ஓரிரு ஆயுதங்களுக்குமாக 20 எலும்பு தாராளம். மீதி 23-ஐ ஒரே நாளில் விற்கப் போகாதீர்கள். பொதுச் சரக்குக் கடையின் 750 தங்கத்தில் நாலைந்துக்கு மேல் போகாது. வேறு சரக்கை விற்று முடித்த பின் கடைக்காரரிடம் 150, 160 மிச்சமிருக்கும் நாள்களில், வீட்டுப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ச் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த டிராகனைக் கொன்றதும் எலும்பைத் தொடாமல், அதன் உடலில் தங்கமோ மந்திரம் ஏற்றிய சிறு பொருளோ இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே நடங்கள்.